எடைக்கு எடை வெல்லம்

போன வாரம் எனக்கு ஒரே ஒரு வேலைதான். போளூர்ல வெல்லம் வாங்கிக்கினு ஜவ்வாது மலைக்குப் போவணும்.

நான் டைபாய்டுல படுத்துக் கெடந்தப்ப, "எழுந்து நடந்தா எடைக்கு எடை வெல்லம் தர்றேன்"னு எம் பொண்டாட்டி சுமதி, மலை மேல இருக்கற எங்க குலசாமிகிட்ட வேண்டிக்கினா. நானும் எழுந்து நடந்துட்டேன். அதோட நிக்காம நல்லா தின்னு எம்பது கிலோவும் ஆயிட்டேன்.

"எம்பத்தஞ்சா வாங்குங்க. கொறைஞ்சா அசிங்கம்"னா.

நாமதான் போன்ல படிக்கிற ஆளாச்சே. உயரத்துக்குப் போனா புவியீர்ப்பு கொறையும், எடையும் கொறையும்னு போட்டிருந்தான். நெலாவுல எம்பது கிலோ ஆளு வெறும் பதிமூணு கிலோதானாம். அப்ப ஜவ்வாது மலையில ஒரு பத்து கிலோ கூடவா கொறையாது? அவகிட்ட மூச்சு வுடாம எழுபது கிலோ மட்டும் வாங்கி வண்டியில ஏத்திட்டேன். பெருமை தாங்கல.

கோயில்ல பெரிய தராசு. ஒரு தட்டுல நான் சம்மணம் போட்டு உக்காந்தேன். எதிர்த் தட்டுல மச்சான் குமார் வெல்லத்த அடுக்கினான். கடைசி மூட்டையும் வெச்சிட்டான். நான் இருந்த தட்டு தரைய வுட்டு எழும்பல.

"மாமா, கைய கீழ ஊணிக்கினு இருக்கீங்களா?"

"இல்லடா."

"வாட்ச கழட்டுங்க"ன்னாரு பூசாரி. கழட்டினேன். பெல்ட்டு போச்சு. சட்டையும் போச்சு. தட்டு அப்டியேதான் கெடக்குது.

சுமதி மொகம் செத்துப் போச்சு. "வேண்டுதல் பாதியில நின்னா இன்னா ஆவுமோ"ன்னு அழுவ ஆரம்பிச்சிட்டா. நான் மெதுவா எறங்கப் பாத்தேன்.

"எறங்காதீங்க. ஏறினா சமமான பொறவுதான் எறங்கணும்"னாரு பூசாரி.

குமார் வண்டிய எடுத்துக்கினு ஜமுனாமரத்தூர் கடைக்கு ஓடினான். நான் வெத்து ஒடம்போட தட்டுல. வந்தவங்கல்லாம் சாமிய கும்புட்டுட்டு என்னையும் ஒரு தபா பாத்துட்டுப் போனாங்க. ஒரு அம்மா எனக்குப் பக்கத்துல சூடமே ஏத்திட்டாங்க.

ஒருவழியா வெல்லம் வந்துச்சி. தட்டும் எழும்புச்சி. சுமதி கண்ண தொடச்சிக்கினு கும்புட்டா. அப்பறம் எம் பக்கம் திரும்பினா. கோவத்துல மரியாதையெல்லாம் பறந்துடுச்சி.

"ஏன்யா கம்மியா வாங்கின?"

புவியீர்ப்பு, நெலா, எல்லாத்தையும் நிதானமா வெளக்கினேன். அவளும் பொறுமையாதான் கேட்டா.

"செரி, மலை ஏறினா எடை கொறையும். நீ மட்டுமா மலை ஏறி வந்த? வெல்லமும் உங்கூடதானே வந்துச்சி?"

போன்ல அத மட்டும் போடலைங்க.