நான் அளந்த நானூறு மீட்டர்

கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கப் படித்த பிறகு சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. (பதக்கம் பீரோவில்தான் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.)

தர்மபுரிப் பக்கம் ஒரு சின்ன அரசுக் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். கல்லூரியும் சின்னது, அது சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகமும் சின்னது. நான் வேலைக்கு வந்த புதிதில் எங்கள் விளையாட்டுத் துறை என்றால் அது ஒரு மர அலமாரி. உள்ளே ஒரு கேரம் போர்டு, காற்றுப் போன இரண்டு வாலிபால், எதற்கு வாங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாத ஓர் இரும்புக் குண்டு. அலமாரிச் சாவி தொலைந்து வருடக்கணக்கானதால் அந்தச் சாமான்களும் பத்திரமாகவே இருந்தன.

அப்புறம்தான் பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டு வெறி பிடித்தது. முதல் வருடம் எல்லாக் கல்லூரிக்கும் கபடி அணி என்றார்கள். அடுத்த வருடம் வாலிபால், அதோடு பெண்கள் கோ-கோ. காலையில் டவுன் பஸ்ஸில் ஏறினால் முதுகில் நம்பர் போட்ட ஜெர்சியோடு பிள்ளைகள் நிற்பார்கள். கண்டக்டர்கூட, "ஏழாம் நம்பரு, உள்ள போப்பா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை கால் பரபரத்தது. (பள்ளிக்கூடத்தில் நான் ஓடியது சத்துணவு மணி அடித்தபோது மட்டும்தான். ஆனால் பரபரப்புக்கு அனுபவம் தேவையில்லை.)

மூன்றாம் வருடம் தடகளம் வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஒரு பதக்கமாவது வாங்கும் கல்லூரிக்கு முழுநேர உடற்கல்வி இயக்குநர் உண்டு, மைதானத்தைச் சமப்படுத்தித் தருவார்கள், தடகளம் அங்கே நிரந்தரம். வாங்காத கல்லூரிக்கு ஒன்றும் கிடையாது. எங்களுக்குப் பழைய அலமாரிதான்.

முதல்வர் கூட்டம் போட்டு, "யாராவது பொறுப்பு எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார். தமிழ்த்துறை மேசையைப் பார்த்தது. வேதியியல் துறை ஜன்னலைப் பார்த்தது. நான் கையைத் தூக்கினேன். எதற்குத் தூக்கினேன் என்று இன்றுவரை என் வீட்டுக்காரர் கேட்கிறார்.

ஆள் பிடிப்பது எனக்குச் சிரமமாகவே இல்லை. சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மலர் என் வகுப்புப் பெண். ஒருநாள் விடுதியில் யாரோ "தண்ணி வந்துடுச்சு!" என்று கத்த, இரண்டு பக்கெட்டோடு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டேன். அன்றே பெயரை எழுதிக்கொண்டேன். பொம்மிடியிலிருந்து தினமும் ரயிலைப் பிடித்து வரும் ரேவதியைக் கேப்டனாக்கினேன். அவளுக்கு வாய் ஓடுவதில் பாதி கால் ஓடினாலே போதும் என்பது என் கணக்கு. இவர்களோடு இன்னும் பத்துப் பேர் சேர்ந்தார்கள்.

ஓடுவதற்கு இடம் வேண்டுமே! கல்லூரிக்குப் பின்னால் ஒரு புறம்போக்கு மாதிரியான மைதானம் கிடந்தது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் ஆடுகள். அங்கே நானூறு மீட்டர் வட்டம் போடுவதென்று முடிவு செய்தேன். அப்போது அதியமான்கோட்டையில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். மேஸ்திரியிடம் முப்பது மீட்டர் டேப் இருந்ததால் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேட்டு வரும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

வீட்டுக்காரர் டேப்பைக் கையில் கொடுத்துவிட்டு, "இந்தா, இதுல ஒரு விஷயம் பாத்துக்கணும்னு மேஸ்திரி..." என்று ஆரம்பித்தார்.

"ஏங்க, எனக்கே அளக்கச் சொல்லித் தர்றீங்களா?" என்றேன்.

அவர் நல்ல மனுஷர். வாயை மூடிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த அலம்பல் கொஞ்சநஞ்சமல்ல. குடை, தொப்பி, கழுத்தில் விசில், கையில் கிராப் நோட்டு. குச்சி நட்டுக் கயிறு கட்டி அழகான வட்டமாக வளைத்து, அதன் மேல் டேப்பைப் போட்டுக்கொண்டே போனோம். டேப்பின் முனையில் மேஸ்திரி ஒரு கம்பி வளையம் கட்டி அதைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். பிள்ளைகள் வளையத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மறுமுனையில் நின்று, "முப்பது! சரி, அடுத்தது!" என்று கத்தினேன். பதிமூன்று தடவை முழு டேப், கடைசித் தடவை பத்து மீட்டர். ஆக நானூறு. சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. எங்கள் கல்லூரிக்கும் ஒரு ஓடுதளம்!

மறுநாள் மலர் ஓடினாள். ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். பல்கலைக்கழகச் சாதனைப் பட்டியலைப் பார்த்தேன். மறுபடி ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். மலர் சாதனையை உடைத்திருந்தாள்! சரி, அவள் மலைப் பெண், ஓடுவாள். ஆனால் ரேவதியும் உடைத்திருந்தாள். மதியம், கால் சுளுக்கு என்று நொண்டிக்கொண்டு வந்த ஒரு பையனும் உடைத்தான்.

அறிவுள்ள எவரும் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார்கள். நானும் பட்டேன். ஸ்டாப்வாட்சைச் சந்தேகப்பட்டேன். செல்போனோடு வைத்துச் சரிபார்த்தால் அது நூற்றுக்கு நூறு சரி. அடுத்து, சாதனைப் பட்டியலைச் சந்தேகப்பட்டேன். 'பாவம், மற்ற கல்லூரிப் பிள்ளைகள் மெதுவாக ஓடுகிறார்கள் போலிருக்கிறது' என்று பரிதாபப்பட்டேன். நான் அளந்ததை மட்டும் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை.

முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வைத்தார். அதில் பிள்ளைகள் சின்னதாகவும் நான் பெரிதாகவும் இருந்தோம். உள்ளூர் நிருபர் வந்து, பயிற்சியின் ரகசியம் என்ன என்று கேட்டார். "எல்லாம் கணக்குதாங்க" என்றேன். (இதை அச்சில் வேறு போட்டுவிட்டார். அந்தக் கத்தரித்த செய்தியை என் வீட்டுக்காரர் பர்ஸிலேயே வைத்திருக்கிறார். எதற்கென்று நினைக்கிறீர்கள்?)

போட்டி பல்கலைக்கழக மைதானத்தில் இரண்டு நாள். முதல் நாள் காலையில் பெண்கள் நானூறு மீட்டர். துப்பாக்கி வெடித்தது, மலர் பறந்தாள். முதல் வளைவில் முந்தினாள், எதிர்ப்பக்கம் போகும்போது எல்லாருக்கும் எட்டடி முன்னால் இருந்தாள். நான் குதித்த குதியில் செருப்பு அறுந்தது. கடைசி வளைவு தாண்டி நேர்க்கோட்டுக்கு வந்தாள். இன்னும் நாற்பது மீட்டர்தான். அங்கே அவளுக்கு என்னவோ ஆயிற்று. கால் கனத்துப்போய், கை அலைபாய, ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக வந்து புல்லில் விழுந்தாள்.

அடுத்த குழுவில் ரேவதி. அவளும் அதே வேகம், அதே முன்னிலை, அதே இடத்தில் அவுட். ஆண்கள் ஓட்டத்திலும் எங்கள் பையன் முதலாவதாக வந்து, சரியாக அதே இடத்தில் சைக்கிள் பஞ்சர் ஆனது மாதிரி நின்றான்.

பக்கத்துக் கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் மெதுவாக என்னிடம் வந்தார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க புள்ளைங்க எல்லாரும் ஒரே எடத்துல மூச்சு வாங்கறாங்களே, அங்க ஏதாச்சும் குழி இருக்குதா?"

குழி அங்கே இல்லை. அன்று டேப்பைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் சொல்ல வந்து நிறுத்தியது சட்டென்று நினைவுக்கு வந்தது. ஓரமாகப் போய் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அவர் கட்டட வேலையில் நின்றுகொண்டிருந்ததால் போனை நேராக மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டார்.

"அந்த டேப்புங்களா? அது மொதல்லயே மூணு மீட்டர் அறுந்துபோச்சுங்க. மூணாம் நம்பர்லதான் வளையம் கட்டியிருக்கறேன். அளந்துட்டு நான் மூணு கழிச்சுக்குவேங்க. சாருகிட்ட சொல்லித்தானுங்க குடுத்தேன். அவரு சொல்லலீங்களா?"

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. "சொல்ல வந்தேன். தங்கப் பதக்கம் வுடல."

பதினான்கு தடவை டேப் போட்டோம். பதினான்கு மூன்று நாற்பத்திரண்டு. மூன்று மாதமாக என் பிள்ளைகள் முந்நூற்றைம்பத்தெட்டு மீட்டர் ஓடிவிட்டு நானூறு என்று நம்பியிருக்கிறார்கள். அவர்களுடைய கால் அந்த இடத்தில், 'முடிஞ்சுது, வூட்டுக்குப் போலாம்' என்று நின்றுவிட்டது. பதக்கத்துக்கு இனி மறுநாள் காலைப் பெண்கள் தொடர் ஓட்டம் ஒன்றுதான் பாக்கி. நான்கு பேர், ஆளுக்கு நானூறு.

சாயங்காலம் எல்லாரும் தங்கியிருந்த இடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மலர் அழுதுகொண்டிருந்தாள். "மேடம், உங்க பேரக் கெடுத்துட்டேங்க. நான் ஊருக்கே போயிடறேங்க" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் மாறிவிட்டது என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் அந்தப் பெண் அழுத அழுகையைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. அறுந்த செருப்போடு அவர்கள் முன்னால் நின்று, டேப், வளையம், மூன்று மீட்டர், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

முதலில் ரேவதிதான் வாயைத் திறந்தாள். "அப்போ நாங்க நல்லாத்தான் ஓடியிருக்கறோம். மேடம்தான்..." என்று இழுத்து, மீதியை மரியாதைக்காக விழுங்கிவிட்டாள். அவள் விழுங்கியதைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள். அப்புறம் மற்றவர்களும் சிரித்தார்கள். முட்டியில் தட்டிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். என் பதினைந்து வருட உத்தியோகத்தில் வகுப்பு அவ்வளவு கலகலப்பாக இருந்ததில்லை.

மலர் மட்டும் சிரிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நாப்பத்திரண்டு மீட்டர்தானுங்களா மேடம் பாக்கி? எங்க ஊர்ல பஸ் நிக்கற எடத்துலருந்து எங்க வூடு அதவிடத் தூரமுங்க. ஏத்தம் வேற."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. (நானே அளந்து கட்டமாட்டேன்.) நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரே ராத்திரியில் மூச்சை வளர்க்க முடியாது. இருக்கிற மூச்சைப் பங்கு போட முடியும். "முதல் நாப்பத்திரண்டு மீட்டரை ஓட்டத்துலயே சேத்துக்காதீங்க. யார் முந்தினாலும் முந்தட்டும். நம்ம ஓட்டம் அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது" என்றேன்.

மறுநாள் காலை ஆறு அணிகள் நின்றன. ரேவதி சொன்னபடியே மெதுவாகக் கிளம்பினாள். ஐயோ, அந்த நாற்பத்திரண்டு மீட்டரை அவள் கடப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது! கடைசி இடம். ஆனால் முந்தின நாள் எல்லாரும் செத்து விழுந்த இடத்தில் அவள் விழவில்லை. ஒருத்தியைத் தாண்டிக் குச்சியைக் கொடுத்தாள். இரண்டாவது பெண் அதே இடத்தைக் காப்பாற்றினாள். மூன்றாவது பெண் நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்து மலர் கையில் குச்சியை வைத்தாள்.

நான்காம் இடத்துக்குப் பதக்கம் கிடையாது. மலருக்கு முன்னால் போன பெண் நல்ல உயரம், நீளமான கால். எதிர்ப்பக்கத்தில் இருவருக்கும் நடுவே பத்தடி. வளைவில் ஆறடி. நேர்க்கோடு வந்தபோது நான் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். நடுவர் ஒருவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தது பிற்பாடுதான் தெரிந்தது. "மலரு! தண்ணி வந்துடுச்சுடீ!" என்று கத்தினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியாது, வாயில் வந்தது அதுதான். முந்தின நாள் அவள் கால் கனத்த அதே இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தாள். கோட்டில் அரையடி முன்னால் விழுந்தாள். வெண்கலம்!

நான் நடுவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவர் என் முந்தானையை விட்டுவிட்டார்.

இன்று எங்கள் கல்லூரியில் சமப்படுத்திய மைதானம் இருக்கிறது. எட்டு விளையாட்டுக்கு அணி இருக்கிறது, முழுநேர உடற்கல்வி இயக்குநர் இருக்கிறார். அவர் வந்த முதல் வாரமே ஸ்டீல் டேப்பால் எல்லாவற்றையும் அளந்தார். நான் தூரத்திலிருந்து பார்த்தேன், கிட்டே விடவில்லை. அங்கே இப்போது நாற்பத்திரண்டு மீட்டருக்கு 'ஒரு மேடம்' என்று பெயர். "சோம்பேறி, இன்னும் ரெண்டு மேடம் ஓடு!" என்று அவர் மைக்கில் கத்துவது வகுப்பறைவரை கேட்கும். எங்கள் வீட்டிலும் இதே அளவுதான். மளிகைக் கடை எவ்வளவு தூரம் என்று விருந்தாளி கேட்டால், என் மகள் யோசிக்காமல், "மூணு அம்மா வருங்க" என்கிறாள்.

மலர் இப்போது வெளியூரில் உடற்கல்வி படிக்கிறாள். போன வாரம் ஆசிரியர்கள் அறையில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"மேடம், தங்கம் மேடம்! கடைசி வளைவு வரைக்கும் பின்னாலதாங்க இருந்தேன். கடைசி ஒரு மேடத்துலதான் முந்துனேன்!"

"சரியா கேக்கல, இன்னொரு தடவை சொல்லு" என்று சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.