மேட்டுக்கு நடந்து வரும் மனிதர்

கடையில் மனைவி விலை பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் ஓர் உருளைக்கிழங்கை எடுக்கிறார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிழங்கின் மேல் தானாக ஊர்ந்து, அங்கே இல்லாத பந்துத் தையலைத் தேடுகின்றன. கட்டைவிரல் அடியில் போய் முட்டுக்கொடுக்கிறது. மணிக்கட்டு ஒரு சுண்டு சுண்டிப் பார்க்கிறது. அதற்குப் பிறகுதான் கிழங்கு கூடைக்குப் போகும். கதவுக் குமிழ், அவித்த முட்டை, பாதி கடித்த ஆப்பிள், எதுவும் இந்த விரல்களிடமிருந்து தப்பியதில்லை. ஞானஸ்நானத்தன்று தங்கையின் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள்; அவர் தலையைப் பிடித்த பிடியைப் பார்த்துப் பாதிரியார் குழந்தையை உடனே திரும்ப வாங்கிக்கொண்டார்.

இந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் பேஸ்பாலில் பந்தெறிந்து, தோள் தேய்ந்ததும், மற்றவர்கள் எறிவதைத் திருத்தும் கோச்சாக மாறியவர். எங்கள் அயோவாவில் கல்லை விட்டெறிந்தால் இப்படி ஒருவர் மேல்தான் விழும்; விழுந்ததும், "தோள் சீக்கிரம் திறந்துடுச்சு தம்பி" என்று எறிந்தவனைத் திருத்துவார்.

தோள் சீக்கிரம் திறப்பதுதான் அவருடைய மொத்தத் தத்துவம். எறிபவனின் முன்தோள் வேளைக்கு முன்னால் விலகினால் பந்து பிசகும். வாஸ்தவம். ஆனால் கார் கிளம்பவில்லையா? மச்சான் விவாகரத்து வாங்கிவிட்டானா? சோளம் கதிர் பிடிக்கவில்லையா? எல்லாம் தோள்தான்.

நாட்டின் உச்ச அணிகள் ஆடும் பெரிய லீகில் அவர் மூன்று வாரம் இருந்தார். அந்த மூன்று வாரத்தைச் சொல்லி முடிக்க முப்பது வருடம் போதவில்லை. அங்கே ஓர் அடிகாரரை அவர் வீழ்த்திய கதையை நான் முதலில் கேட்டபோது அந்த ஆள் சாதாரண உயரம். அடுத்த வருடக் கதையில் அந்த ஆள் வாசலில் குனிந்து நுழைந்தார். இப்போது அந்த ஆள் மட்டையைத் தூக்கினால் மைதானத்தில் நிழல் விழுகிறது.

எங்கள் ஹேல்ஸ்டன் காட்டுப்பன்றிகள் அணிக்கு வாய்த்தவர் வெர்லின் ஸ்ட்ரவுட். நான் அங்கே கேட்சர். பந்தைப் பிடிப்பதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் வேலை, இரண்டாவதில் கெட்டிக்காரன். எறிபவன் தடுமாறும்போது ஸ்ட்ரவுட் வெள்ளைக் கோட்டை மிதிக்காமல், தூங்குகிற நாயைத் தாண்டுவதுபோலத் தாண்டி, எறியும் மண்மேட்டுக்கு நடந்து வருவார். நானும் போய் நிற்பேன். எதிரணி உதட்டசைவைப் படித்துவிடக் கூடாதென்று தொப்பியால் வாயை மறைத்துக்கொள்வார். ராணுவ ரகசியம் வரப்போகிறது என்று மைதானமே மூச்சைப் பிடிக்கும்.

"நேத்து புல்வெட்டி மெஷின் ஸ்டார்ட்டே ஆவலடா" என்பார்.

பையன் சிரித்துவிடுவான். அடுத்த பந்து சரியாக விழும். வைத்தியம் அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட வாயைத்தான் ஒரு ஞாயிறு மதியம் பூட்டுப் போட்டுப் பூட்டியது. அன்று எங்களுக்காக எறிந்தவன் கோல்பி ஹார்ஜோ. போன வருடம்தான் முழங்கையில் அறுவை நடந்திருந்தது. ஓர் ஆட்டத்துக்கு இத்தனை பந்துதான் என்று டாக்டர் ஓர் எல்லை சொல்லியிருந்தார். அதற்கு மேல் எறிந்தால் கை போய்விடும். ஆனால் அன்று அவன் பந்தை எதிரணியில் ஒருவனாலும் அடித்து ஓட முடியவில்லை. ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் ஏழு முடிந்தும் ஓர் அடிகூட இல்லை. இன்னும் இரண்டு தாங்கினால் அது சாதனை; ஆயுளுக்கும் அதைச் சொல்லியே காப்பி வாங்கிக் குடிக்கலாம்.

இப்படி ஓர் ஆட்டம் நடக்கும்போது எறிபவனிடம் யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரக் கூடாது. நடப்பதைச் சொன்னால் ராசி கலைந்துவிடும். பெஞ்சின் ஒரு கோடியில் கோல்பி மட்டும் பெரியம்மை வந்தவனைப்போல் உட்கார்ந்திருந்தான். மறுகோடியில் நாங்கள் மொத்த அணியும் ஒருவர் மடியில் ஒருவராக. நடுவில் ஸ்ட்ரவுட், வாய் நிறைய சூரியகாந்தி விதையை அடைத்துக்கொண்டு.

மேனேஜர் டக்கெட் அவர் காதருகே குனிந்தார். "வெர்லின், பையன் எல்லையைத் தாண்டிட்டான். கைய உதறுறான் பாரு. போய் அவன மாத்து."

"நீங்க போங்களேன்."

"நானா? எனக்கு இந்த ஊர்ல வீடு இருக்குய்யா. என் பொண்டாட்டி கடை கண்ணிக்குப் போய் வரணும்."

"நான் மட்டும் என்ன கூடாரத்துலயா இருக்கேன்?"

"உன் டிபார்ட்மெண்ட். போ."

மேட்டுக்குப் போய்க் கையை நீட்டிப் பந்தை வாங்கினால் பையன் வெளியே, முடிந்தது. அந்தக் கை எழ வேண்டுமே!

எட்டாவது இன்னிங்ஸில் முதல் ஆள் அவுட். ஸ்ட்ரவுட் நடந்து வந்தார். கோல்பியின் முகம் மாவாக வெளுத்திருந்தது.

"கோச், ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் என்ன சொல்லப்போறேன்? புல்வெட்டிக்கு புது பிளக் வாங்குனேன்."

"அப்புறம்?"

"வெட்டுச்சு. என் மாமியாரோட ரோஜாச் செடிய."

கோல்பி சிரிக்கவில்லை. ஸ்ட்ரவுட் வெறுங்கையோடு திரும்பினார். டக்கெட் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

அடுத்தவனுக்கு நாலு பந்தும் எங்கோ போயின. நாலு பிசகினால் அடிக்காமலே போகலாம் என்பது விதி; அவன் முதல் பேஸுக்கு நடந்தான். கோல்பி முழங்கையைப் பிடித்துக்கொண்டான். உடனே ஸ்ட்ரவுட் மறுபடியும் கோட்டைத் தாண்டி வந்தார்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்டா. மாமியார் என்ன சொன்னாங்கன்னா..."

அம்பயர் ஸ்லோகம் வேகமாக வந்தார். "வெர்லின், ஒரே இன்னிங்ஸ்ல ரெண்டாவது தடவ வந்துட்டீங்க. பையன் வெளிய போயாகணும். விதி."

"ஐயையோ" என்றார் ஸ்ட்ரவுட். "அப்படி ஒண்ணு இருக்குல்ல?"

இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. கோல்பி பந்தை என் கையுறையில் குத்திவிட்டு அழுதுகொண்டே போனான். மாற்றாக வந்தவனின் முதல் பந்தே வேலி தாண்டிப் பறந்தது. அதைத் தொடர்ந்து கூட்டத்திலிருந்து வேர்க்கடலைப் பொட்டலங்கள் பறந்து வந்தன. ஒரு கிழவி ஹாட் டாக் எறிந்தார். ஸ்ட்ரவுட்டின் காதில் சரியாகப் பட்டது. ஊர்ப் பத்திரிகை அவரை "மறதி மன்னர்" என்று எழுதியது. "வயசாச்சு, ஞாபகமில்ல" என்று மட்டும் சொன்னார். சீசன் முடிந்ததும் வேலை போயிற்று. கோல்பி இன்றும் பெரிய லீகில் நல்ல கையோடு எறிகிறான். தன் சாதனையை ஒரு புல்வெட்டி தின்றுவிட்டது என்று கேட்பவரிடமெல்லாம் சொல்கிறான்.

சிரிக்கிறீர்கள். மகனிடமோ தம்பியிடமோ கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டிய ஒன்றைச் சொல்லக் கிளம்பி, தொண்டையைச் செருமி, மழை வரும்போலிருக்கிறது என்று பேசிவிட்டுத் திரும்பியவர் நீங்கள் இல்லையென்றால் தாராளமாகச் சிரிக்கலாம். அவர் நீங்கள்தான் என்றால், காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஹாட் டாக் எந்தப் பக்கமிருந்தும் வரும்.

இரண்டு வருடம் கழித்து, வேறோர் ஊரில், பீர் குடித்துக்கொண்டே அம்பயர் ஸ்லோகம் எனக்கு இதைச் சொன்னார். அன்று எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும் முன்பே ஸ்ட்ரவுட் அவரிடம் வந்து, தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னாராம்: "இந்த இன்னிங்ஸ்ல நான் ரெண்டு தடவ வருவேன். நீ மறக்காம எண்ணிடு. நான் மறந்த மாதிரி இருப்பேன்."