வாய் திறக்காத வன்னியராஜ்

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் முக்கூடல் பஸ்ஸில் நிற்க இடம் கிடையாது. பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். அந்த ஊரில் வன்னியராஜ் என்றொரு மகான். யாரோ சோற்றில் கலந்து கொடுத்த இடுமருந்தை, தொப்புளில் பித்தளைக் குழலை வைத்து வாயால் உறிஞ்சி எடுத்துவிடுவார். தோல் கிழியாது, ரத்தம் வராது. பாவம், சர்ஜன்கள்தான் வீணாகப் படித்துக் கெட்டார்கள்!

தாலுகா ஆபீஸ் கிளார்க் கோமதிசங்கருக்கு மூன்று வருஷமாக வயிறு சரியில்லை. ஒரு வாரம் கக்கூஸே கதி. மறுவாரம் போய் உட்கார்ந்தும் பயனில்லை. பாளையங்கோட்டை டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தார்.

"குடல்ல புண்ணு இல்ல, கட்டி இல்ல. அதுக்குக் கொஞ்சம் ரோஷம் ஜாஸ்தி, அவ்வளவுதான். மனசு பதறினா முறுக்கிக்கிடும். என்னைக்கு என்ன தின்னிய, என்னைக்கு வலிச்சுதுன்னு எழுதிட்டு வாங்க."

எழுதியது மனைவி விஜயஸ்ரீ. கோமதிசங்கருக்கோ மனம் ஆறவில்லை. ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாமோ? நம்மவர்களுக்கு அப்போதுதான் செய்வினை நினைப்பே வரும். முக்கூடலுக்கு ஓடினான்.

வன்னியராஜ் நாடி பிடித்தார். "உமக்குச் சோறு போடுத கைதான்வே மருந்து வச்சிருக்கு. அடுத்த வெள்ளி எடுத்துருதேன். பொறவு அந்தக் கையை வீட்டுல வச்சிக்கிடாதியும்."

பதினோரு வருஷம் சோறு போட்டவள் ஏரலில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டுமாம்! விஜயஸ்ரீ அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போறேன். ஆனா என் கை வச்ச மருந்தை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

வெள்ளிக்கிழமை அவளும் கூடவே போய் உட்கார்ந்து கவனித்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் மகான் திரைக்குப் பின்னே போய்ச் சாமி கும்பிடுகிறார். வந்ததும் மௌனம். உறிஞ்சி உருண்டையைத் துப்பிய பிறகுதான் பேச்சு.

கோமதிசங்கர் சட்டையைக் கழற்றிப் படுத்தான். மகான் குழலோடு வந்தார். விஜயஸ்ரீ பிளாஸ்க்கைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, காலைலருந்து பச்சத்தண்ணி உங்க பல்லுல படல. கருப்பட்டிக் காப்பி. ஒரு மடக்கு குடிச்சிட்டு உறிஞ்சுங்க."

"ம்ஹும்."

"சரி, வாயாவது கொப்பளிங்க. தண்ணி தாரேன்."

"ம்ஹும்!"

"கொப்பளிச்சா என்னவே? வாய்க்குள்ள என்ன புதையலா இருக்கு?" என்று வரிசையில் அடுத்த ஆளாகக் காத்திருந்த சுபைதா பேகம் கேட்டாள்.

கூட்டம் எழுந்து நெருங்கியது. மகான் திகைத்து எச்சில் விழுங்கினார். புரையேறிவிட்டது! விஜயஸ்ரீ அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். மெழுகும் மயிரும் உருட்டிய கறுப்பு உருண்டை ஒன்று கோமதிசங்கரின் வயிற்றில் வந்து விழுந்தது.

"இன்னும் குழலே வைக்கலையே அண்ணாச்சி. இது யாரு வயித்து மருந்து?"

அதற்குப் பின் வன்னியராஜ் ஓடிய ஓட்டத்தை ஆற்றங்கரை வரை பார்த்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கோமதிசங்கர் முதன்முறையாக அவள் எழுதிய நோட்டைப் புரட்டினான். 'ஜமாபந்தி தணிக்கை, நாலு காப்பி, வலி. தாசில்தார் ஏசினார், வலி. லீவு நாள், நேரத்துக்குச் சாப்பாடு, வலி இல்லை.' பக்கம் பக்கமாக அதுதான். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டில் அவள் இலை போட்டாள். "மோருஞ்சாதம். இந்தக் கை போடலாமா?"

"போடு தாயி" என்று உட்கார்ந்தான்.

வயிற்றுக்குள் என்னவோ இருக்கிறதென்று குழல் வைத்துத் தேடும் பெரியோர்களே, தலைக்குள்ளும் ஒன்று இருக்கிறது. அதை வெளியே எடுக்க வேண்டாம். உள்ளே வைத்தே கொஞ்சம் வேலை வாங்குங்கள்!