சமத்துவ மலையில் சுதந்திர தேவி எழுந்தருளிய வரலாறு

புரட்சி முழுவதும் பாரிஸில்தான் நடந்தது என்று வரலாறு எழுதுகிறவர்கள் சாதிக்கிறார்கள். அவர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. வந்திருந்தால் மனித குல விடுதலையிலும் ஐரோப்பியக் கலை வளர்ச்சியிலும் சரிபாதியை எங்கள் ஊர் விழாக் குழுவின் பேரில் எழுதியிருப்பார்கள். குழுவின் செயலாளர் என்ற முறையில் இதை நான் மிகுந்த தன்னடக்கத்தோடு சொல்கிறேன்.

என் பெயர் கஸ்பார் விதால். பிரபுக்களுக்குப் பொய்முடி செய்து பிழைத்தவன். முடியாட்சி போனதும் என் தொழிலும் போயிற்று. தலையே நிலையில்லாத காலத்தில் தலைமுடிக்கு யார் செலவழிப்பார்கள்? அடுத்து குடியாட்சி வந்தது. மது வியாபாரி மோபேர் ஊரின் முதல் குடிமகன் ஆனார். மற்ற குடிமக்களும் அவருடைய வாடிக்கையாளர்களாகவே இருந்ததால் தேர்தலில் குழப்பம் எதுவும் வரவில்லை. மதுவோடு அவர் தானியமும் விற்று வந்தார்.

மாற்றங்கள் மடமடவென்று நடந்தன. ஊரின் பெயரில் ஒரு புனிதர் இருந்தார். அவரை நீக்கிவிட்டு 'சமத்துவ மலை' என்று பெயர் வைத்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை எங்களுக்கு மலை கிடையாது. இருந்தாலும் மனமிருந்தால் மலை உண்டு. நாட்காட்டியிலிருந்தும் புனிதர்களை விரட்டிவிட்டு நாளுக்கொரு காய்கறியின் பெயரை வைத்தார்கள். இன்று முள்ளங்கி, நாளை பூசணி. காய்கறி நாட்காட்டியில் இருந்தது, சட்டியில்தான் இல்லை.

பிறகு, இனி எவரும் எவரையும் 'நீங்கள்' என்று அழைக்கக் கூடாது, எல்லாருக்கும் 'நீ'தான் என்று உத்தரவு வந்தது. மோபேர் இந்தச் சமத்துவத்தைத் தம் வேலைக்காரர்களிடம் பிறந்ததிலிருந்தே கடைப்பிடித்து வந்தவர். அவர்களும் அதைத் திருப்பிக் கடைப்பிடிக்க ஆரம்பித்ததுதான் அவருக்குப் புதிது.

இப்படி எல்லாம் வந்துசேர்ந்த ஊருக்கு ரொட்டி மட்டும் வரவில்லை. ரொட்டிக் கடை வாசலில் விடியும் முன்பே பெண்கள் நின்றார்கள். வெயில் ஏறியதும் வெறுங்கையோடு திரும்பினார்கள். குழு கூடியது.

"சனங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று மோபேர் கேட்டார்.

"ரொட்டி," என்றார் கொல்லர்.

அது நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருள் என்று நான் சுட்டிக்காட்டினேன்.

"சரி, அதுக்கு அடுத்தபடியா என்ன வேணும்?"

"விழா," என்றேன்.

ஏகமனதாக நிறைவேறியது. பழைய தேவாலயத்தை 'அறிவின் ஆலயம்' ஆக்குவது, அதில் உயிருள்ள சுதந்திர தேவி ஒருத்தியை எழுந்தருளச் செய்வது என்று முடிவாயிற்று. மேடையைத் தம் சொந்தச் செலவில், தம் சொந்த ஆட்களைக் கொண்டே கட்டித் தருவதாக மோபேர் சொன்னார். கட்டும்போது வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்ற ஒரே நிபந்தனைதான். அந்தப் பெருந்தன்மையைக் கண்டு நாங்கள் கண் கலங்கினோம். இரண்டே இரவில் பெரிய படிக்கட்டு மேடை எழும்பியது. மேலே நீலத் துணி போர்த்தி, உச்சியில் சிம்மாசனம் வைத்திருந்தார்கள்.

தேவியாக மோபேரின் அண்ணன் மகள் கிளெலியைத் தேர்ந்தெடுத்தோம். வேறு எவரும் மனுப் போடவில்லை, போட அனுமதியும் இல்லை. ஆனால் நவம்பர்க் குளிரில், கல் கட்டடத்தில், மெல்லிய வெள்ளை அங்கியோடு ஒத்திகை பார்த்ததில் சுதந்திரத்துக்குச் சளிக்காய்ச்சல் கண்டுவிட்டது. விழாவன்று காலையில் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது சலவைக்காரி உர்சூல் உள்ளே வந்தாள்.

"தேவியோட உடுப்பு கொண்டாந்திருக்கேன். யாரு வாங்கிக்கிறது?"

மோபேர் அவள் கைகளைப் பார்த்தார். ஆற்றங்கரைக் கல்லில் ஊர் அழுக்கையெல்லாம் அடித்து உரமேறிய கைகள்.

"இந்த ஈட்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காருவியா?"

"நனைஞ்ச கம்பளி தூக்குற கை இது. எவ்வளவு நேரம்?"

"நான் பேசி முடிக்கிற வரைக்கும்."

"அப்ப சாப்பாடு போடணும்."

"போடுறோம். விழா முடிஞ்சதும்."

"முடிஞ்சதும் நீ யாரோ நான் யாரோ. முன்னாடியே போடு."

கொடுத்தோம். தேவிக்கு நைவேத்தியமாக ஒரு கிண்ணம் வெங்காய சூப். கிண்ணத்தை வழித்துத் துடைத்துவிட்டு அவள் கேட்டாள்: "நான் எதுக்கு தேவி?"

"சுதந்திரத்துக்கு," என்றேன்.

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது," என்றார் மோபேர்.

சுதந்திரத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தத் தத்துவ நூலிலும் படித்ததில்லை.

பழைய நீதிபதி ஒருவரின் பொய்முடியைப் பிரித்து நானே அவளுக்குக் கூந்தல் செய்தேன். அங்கி அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. முரசு முழங்க அவள் படியேறி அமர்ந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் நானே நம்பிவிட்டேன். ஆலயம் நிறைய ஜனங்கள். மோபேர் அவள் முன்னால் மண்டியிட்டு, "தாயே, நீ இட்ட கட்டளையே எங்களுக்குச் சட்டம்," என்று உரக்கச் சொன்னார். அந்த வாசகம் நான் எழுதிக் கொடுத்தது.

பிறகு அவர் பேசினார். கிரேக்கத்தில் தொடங்கினார். ரோமாபுரிக்கு வந்து சேரும்போது தேவியின் கை தளர்ந்தது. அவள் ஈட்டியை ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டாள். ஈட்டியின் அடியிலும் ஓர் இரும்பு முனை இருந்தது. அது நீலத் துணிக்குள் இறங்கியது.

"இந்த ஊரில் ஒரு பிடி மாவுகூட இல்லாமல் செய்த அந்நிய மன்னர்களே!" என்று மோபேர் கையை உயர்த்திய அதே நேரத்தில், அவருக்குப் பின்னால் மேடையிலிருந்து வெள்ளையாக ஏதோ கொட்ட ஆரம்பித்தது. முதலில் மணல் கடிகாரம்போலச் சன்னமாக வந்தது. பிறகு துணி கிழிந்து பனிச்சரிவுபோல வந்தது.

உர்சூல் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கோதுமை," என்றாள். "நல்ல கோதுமை."

மேடை முழுவதுமே மாவு மூட்டைகள். பதுக்கல் தானியத்தைத் தேடி வந்த சோதனைக்காரர்கள் ஊரில் உள்ள கிடங்குகளையெல்லாம் குடைந்து பார்த்தார்களே தவிர, சுதந்திரத்தின் காலடியில் தேட யாருக்கும் தோன்றவில்லை. மோபேரின் அறிவுக்கு அறிவின் ஆலயமே சாட்சி.

"யாரும் தொடக் கூடாது," என்றார் மோபேர். அவர் குரல் சற்று மெலிந்திருந்தது. "அது குடியரசோட அஸ்திவாரம்."

"அஸ்திவாரத்துல கொஞ்சம் குடு," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "வீட்டுல புள்ளைங்க பட்டினி."

உர்சூல் எழுந்து நின்றாள். "மோபேர், இப்பதானே எல்லார் முன்னாடியும் சொன்னே, நான் சொல்றதுதான் சட்டம்னு. பங்கு போடு."

"உன்கிட்ட ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு சொன்னேன்ல."

"நான் எங்க செய்யிறேன்? அவங்கதான் எடுத்துக்கப் போறாங்க." அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "வரிசையா வாங்க. புள்ளத்தாச்சிங்க முன்னாடி. தள்ளுனா ஈட்டியால குத்துவேன்."

அதன்பின் நடந்த ஒழுங்கீனத்தை விவரிக்க என் பேனா கூசுகிறது. எல்லாரும் வரிசையில் நின்றார்கள். முன்றானைகளிலும் தொப்பிகளிலும், கடைசியில் முரசைக் கவிழ்த்து அதிலும்கூட மாவு போயிற்று. அன்று மாலை ஊரில் புகையாத அடுப்பு இல்லை. தெருவெல்லாம் ரொட்டி மணம். என் மனைவியும் ஒரு பங்கு வாங்கி வந்திருந்தாள். வன்மையாகக் கண்டித்துக்கொண்டே நான் சாப்பிட்டேன்.

குழு அவசரமாகக் கூடியது. மாவைப் பற்றிப் பேசினால் மாவு எப்படி அங்கே வந்தது என்றும் பேசவேண்டி வரும் என்பதால், கொள்கையைப் பற்றி மட்டும் பேசினோம். குற்றச்சாட்டை நான்தான் எழுதினேன்: 'சுதந்திர தேவியாக வேடமிட்டிருக்கும்போது சுதந்திரமாக நடந்துகொண்டது.' இன்றும் அந்த வாசகத்தில் ஓர் எழுத்தை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டேன்.

காவலரோடு நானும் ஆற்றங்கரைக்குப் போனேன். அவள் முழங்கால் தண்ணீரில் நின்று துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னை எதுக்குப் பிடிக்கிறீங்க?"

"சுதந்திரத்துக்கு ஆபத்து வந்திருக்கு," என்றார் காவலர்.

"சுதந்திரம் நான்தானே?"

"அதுக்குத்தான் பத்திரமாப் பூட்டி வைக்கப் போறோம்."

அவள் ஈரக் கைகளைப் பாவாடையில் துடைத்துவிட்டு நீட்டினாள். விலங்கைப் பூட்டும்போது என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "உன் வீட்டுலயும் அன்னிக்கு ரொட்டி சுட்டாங்கள்ல, விதால்?"

அந்தக் கேள்வி எழுத்து வடிவில் வராததால் நான் பதில் சொல்லவில்லை.

சிறையாக மாற்றப்பட்டிருந்த பழைய கன்னியர் மடத்தில் அவள் குளிர்காலத்தைக் கழித்தாள். பாரிஸ் நீதிமன்றத்துக்கு அனுப்ப ஏற்பாடுகள் நடந்தன. எல்லாத் தலைவலிக்கும் அங்கே அப்போது ஒரே வைத்தியம்தான். அவள் நல்ல காலம், அவளைக் கூப்பிடுவதற்குள் கோடை வந்தது. தலை வாங்கியவர்களின் தலைகளே உருண்டன. அவளை வெளியே விட்டார்கள். வரும்போது தலைமுடியைக் கத்தரித்திருந்தார்கள். இருமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கைகள் இளைத்துப் பாதியாகியிருந்தன. மறுநாளே ஆற்றில் இறங்கினாள்.

இதற்கிடையில் கலை தன் கடமையைச் செய்தது. விழாவை அழியாததாக்க ஓவியர் தெலோர்மைப் பாரிஸிலிருந்து வரவழைத்தோம். மாதா படங்கள் வரைந்து புகழ்பெற்றவர். காலம் மாறியதும், விற்காமல் கிடந்த மாதாவின் கையிலிருந்து குழந்தையை எடுத்துவிட்டு ரொட்டியை வைத்தார். சுதந்திர தேவி தயார். முகம் கிளெலியுடையது. பக்கத்தில் மோபேர் தம் மூட்டைகளைத் தாமே அவிழ்த்து ஏழைகளுக்கு வழங்குகிறார். கன்னத்தில் ஒரு துளிக் கண்ணீர். மூலையில் பேனாவோடு நான். பசித்த ஜனங்களை வரைய ஊரார் சிலரை அழைத்து நிறுத்திப் பார்த்தார் தெலோர்ம். எலும்புகள் துருத்திக்கொண்டு படத்தின் சமநிலையைக் கெடுப்பதாகச் சொல்லிவிட்டார். ஆகவே குழு உறுப்பினர்களின் குடும்பத்தார் கந்தல் உடுத்திப் பசித்து நின்றோம். 'மக்களுக்கு உணவளிக்கும் சுதந்திரம்' என்று அதற்குப் பெயர். நகர மன்றக் கூடத்தில் மாட்டினோம். அதைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெரிய மனிதர்கள் வந்தார்கள்.

ஒரு நாள் திரைச்சீலைகளைச் சலவைக்கு எடுத்துப்போக உர்சூல் வந்தாள். படத்தின் முன் நின்றுவிட்டாள்.

"இது எந்த விழா?"

"நீ உக்காந்திருந்தியே, அதே விழாதான்," என்றேன்.

"அன்னிக்கு வந்தவங்க ஒருத்தர்கூட இதுல இல்லையே. இவங்க எல்லாம் சாப்பிட்டு முடிச்சவங்க."

"கலை உண்மையைவிட உயர்ந்தது, உர்சூல். உனக்கு அது புரியாது."

"சரி, நான் எங்க?"

"நீ ஒரு குறியீடு. குறியீட்டுக்கு இன்ன மூஞ்சின்னு ஒண்ணு கிடையாது."

"குறியீட்டுக்கா விலங்கு பூட்டுனீங்க?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இருமினாள். திரைச்சீலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "காஞ்சதும் கொண்டாறேன்," என்று போய்விட்டாள். கலையைப் பாமரர்களுக்கு விளக்குவது எவ்வளவு கடினம் என்பதை அன்று உணர்ந்தேன்.

அடுத்த குளிர்காலம் முந்தையதைவிடக் கொடியது. ஆறு உறைந்தது, சலவையும் நின்றது. தானியத்துக்கு அரசு வைத்திருந்த விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். மோபேர் இப்போது அரசின் அதிகாரபூர்வத் தானிய வழங்குநர். மூட்டைகளை ஒளித்துவைக்கும் சிரமம் அவருக்குத் தீர்ந்தது. அந்த மாதங்களில்தான் எங்கள் ஜனங்களிடம் நான் எதிர்பாராத கலை ஆர்வத்தைக் கண்டேன். தினமும் நகர மன்றத்துக்கு வந்தார்கள். கலகம் என்று பயந்து காவலரை நிறுத்தினோம். ஆனால் அவர்கள் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. படத்தருகே போய், தேவியின் கையிலிருந்த ரொட்டியை விரலால் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். உர்சூலும் வந்தாள். அவள் தொடவில்லை. எட்டாமல் நின்ற ஒரு சின்னப் பெண்ணை அந்த மெலிந்த கைகளால் தூக்கிப் பிடித்தாள்.

"சூடாவே இல்லையே," என்றது குழந்தை.

பிப்ரவரி பிறக்கும்போது படத்தில் ரொட்டி தேய்ந்து, வெறும் துணி தெரிய ஆரம்பித்தது. மக்களின் துயரைக் கண்டு இனியும் சும்மா இருக்க முடியாது என்று மோபேர் தழுதழுத்த குரலில் சொன்னார். குழு அவசரமாகக் கூடி, செலவைப் பாராமல் உடனே நடவடிக்கை எடுப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தெலோர்ம் பாரிஸிலிருந்து விரைந்து வந்து ரொட்டியைப் புதிதாக வரைந்தார். போகும்போது ஒரு யோசனையும் சொன்னார். அதன்படி படத்தை யார் கைக்கும் எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டோம்.