நரேலாவில் ஒரு சிவப்புக் கட்டம்

எங்கும் ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை என்று திரை காட்டியதும் பத்மநாபனுக்கு வியர்த்துவிட்டது.

அவர் வேலையே மரத்தைக் காப்பதுதான். தில்லியைச் சுற்றியுள்ள பத்து மரம் காக்கும் சங்கங்களுக்கு, செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காடு குறைவதைக் கண்டுபிடிக்க, ஜனக்புரி மாடி அறை ஒன்றில் மூன்று மாதமாகப் பயிற்சி கொடுத்துவந்தார். இருந்த பச்சை போய்விட்டால் அந்த இடம் திரையில் சிவப்பாகத் தெரியும். நிதி தரும் அறக்கட்டளையிலிருந்து சுஷ்மா மேடம் வியாழக்கிழமை வருகிறார். பயிற்சி பலித்ததற்கு ஓர் உதாரணம் காட்டினால் திட்டம் இரண்டு வருஷம் நீளும். இல்லாவிட்டால் ஐம்பத்துநாலு வயதில் பத்மநாபன் வேறு வேலை தேட வேண்டும்.

மற்றபடி அவர் எதிலும் குறை வைக்கவில்லை. மேடம் எந்தச் சங்கத்தைப் பார்க்க விரும்புவாரோ என்று, வரவேற்பு ஏற்பாடுகள் பற்றிய பழைய சுற்றறிக்கையில் தேதியை மட்டும் மாற்றிப் பத்துச் சங்கங்களுக்கும் இரண்டு வாரம் முன்பே அனுப்பியிருந்தார்.

“ஒரு மரமாவது வெட்டியிருக்கக் கூடாதா?” என்றார் உதவியாளர் மானசாவிடம்.

“நல்ல நியூஸ்தானே சார்?” என்றாள் அவள்.

“நாட்டுக்கு நல்ல நியூஸ். நமக்கில்லை.”

பழைய படம் ஒன்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தெற்கு தில்லிக் காடு முழுக்கச் சிவந்தது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று அதை உடனே மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் மானசா எட்டிப் பார்த்தாள்.

“அச்சா, இது நவம்பர் படம், அது மார்ச் படம். மரமெல்லாம் அங்கேயேதான் இருக்கு சார். இலைதான் கொட்டியிருக்கு.”

அதற்குள் மேடம் பதறிப்போய், அறக்கட்டளை இயக்குநரையும் அழைத்து வருவதாகப் பதில் போட்டுவிட்டார். அதைச் சரிக்கட்ட, நஜஃப்கர் பக்கம் தென்பட்ட ஒரு சிவப்புத் திட்டைப் பிடித்து, உண்மையான இழப்பு இதுதான் என்று எழுதினார் பத்மநாபன். அந்த ஊர்ச் சங்கத்துக்குப் போன் செய்தால், குளத்தில் மண்டிக்கிடந்த ஆகாயத்தாமரையை வாரிப்போட்டதில் ஊரே சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள்.

சுஷ்மா மேடம் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். எந்த மொழியில் மழுப்பினாலும் புரிந்துகொள்வார். இனிமேல் படம் அனுப்ப வேண்டாம், இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை புதுப் படம் வந்தது. நரேலாவின் சின்னக் காட்டுக்கு நடுவே பளிச்சென்று ஒரு சிவப்புக் கட்டம். நாலு மூலையும் அளந்து வைத்ததுபோல் நேராக இருந்தது. இலையும் இப்படிக் கொட்டாது, ஆகாயத்தாமரையும் இப்படி வளராது. பத்மநாபன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மரம் போனதற்குத் தான் மகிழ்வது ஒரு கணம் உறுத்தியது. ஒரு கணம்தான்.

மறுநாள் மேடம், இயக்குநரோடு பத்துச் சங்கத்தாரும் பஸ்ஸில் நரேலா போய் இறங்கினார்கள். வெட்டிய அடிமரங்கள் ஈரம் காயாமல் கிடந்தன. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்தவர்களை இரண்டு வருஷத்தோடு விடக் கூடாது, ஐந்து வருஷம் தரலாம் என்று இயக்குநரிடம் சொன்னார். நரேலா சங்கத்தலைவர் மட்டும் எதுவும் புரியாமல் மாலையும் கையுமாக நின்றார்.

பத்மநாபனுக்கு உணர்ச்சி மேலிட்டது. அப்போது லாரியிலிருந்து கம்பும் துணியும் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், தமிழ்க்குரல் கேட்டு ஆசையாகக் கிட்டே வந்தார். பெயர் ஜெயசீலன். தில்லியில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகள் இடிபட்டதும் நரேலாவுக்கு வந்தவர், டென்ட் போடும் தொழில்.

பத்மநாபன் எல்லாருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். “தைரியமா சொல்லுங்க. இந்த அக்கிரமத்தைப் பண்ணினது யார்?”

“சங்கத்து ஆளுங்கதான் சார் வெட்டினாங்க, அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல,” என்றார் ஜெயசீலன். “யாரோ பத்மநாபனாம், மேடம் வர்றாங்க, இருநூறு பேருக்குப் பந்தல் போட இடம் வேணும்னு லெட்டர் போட்டிருக்காரு.”