பட்டனை இடம் மாற்றிய மாப்பிள்ளைக்கு

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
18-7-2009

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை தமிழ்மாறன் அவர்களுக்கு,

மாமனார் (இன்னும் ஆகவில்லை, ஆவணியில் ஆவதாக ஏற்பாடு) கலியமூர்த்தி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதியிருக்கிறேன், நம்ப வேண்டாம். அவ்விடம் தாங்களும் தங்கள் தாயார் தந்தையாரும் சௌக்கியமா? தாயாரின் முட்டி வலிக்கு நான் சொன்ன எண்ணெயைத் தேய்க்கிறார்களா? தேய்க்கட்டும். இனி விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம், கோபம் முழுவதும் என்னிடமே இருக்கிறது.

நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் தட்டு வரிசையோடு, தங்கள் கம்பெனியில் செய்த பாட்டு சாப்ட்வேரையும் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தங்கள் கையாலேயே ஏற்றிக் கொடுத்தீர்கள். மாப்பிள்ளை வீட்டில் மோதிரம் போடுவார்கள், செயின் போடுவார்கள், சாப்ட்வேர் போட்ட முதல் மாப்பிள்ளை இவர்தான் என்று தெருவே பேசியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மில்லை விட்டு வந்த பிறகு நான் செய்கிற ஒரே உருப்படியான வேலை, காலையில் மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கோயிலுக்கு ஒயர் போகிறது. முன்பெல்லாம் மில் சங்கு ஊதினால் தெரு எழுந்திருக்கும். சங்கு நின்றபின் என் பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறது. பிள்ளையார் பாட்டு வந்தால் பால்காரர் கண்ணையன் சைக்கிளில் கேனைக் கட்டுவார். முருகன் பாட்டு வந்தால் தெருமுனையில் கடை போட்டிருக்கும் தனக்கொடி இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுவாள். அம்மன் பாட்டு வரும் நேரம் தெருக் குழாயில் தண்ணீர் வரும், தங்கள் மாமியார் தையல்நாயகி குடத்தோடு ஓடுவாள். யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. பாதி வீட்டில் அது ஓடுவதும் இல்லை.

தங்கள் சாப்ட்வேரில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் பாடகர் பெயர் எழுத ஒரு கட்டம் இருந்தது. யார் பாடினால் எங்கள் தெருவுக்கு என்ன? எந்தப் பாட்டு யாரைக் கிளப்புவதற்கு என்பதுதான் எனக்கு வேண்டும். ஆகவே பிள்ளையார் பாட்டுக்குப் பாடகர் கண்ணையன், முருகன் பாட்டுக்குத் தனக்கொடி, அம்மன் பாட்டுக்குத் தையல்நாயகி என்று எங்கள் பெண் சரிதாவை விட்டு இங்கிலீஷில் அடிக்க வைத்தேன். தெருவில் எழவு விழுந்தால் போடுகிற தத்துவப் பாட்டுகளுக்கும் ஒரு பெயர் வேண்டுமே என்று, பாடை கட்டும் அம்மாவாசையின் பெயரைப் போட்டேன். அவரைக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன், சந்தோஷமாகச் சம்மதித்தார். எல்லாம் அடித்து முடித்ததும் திரையில் வலது மூலையில் இருந்த பச்சைப் பட்டனை அமுக்கினால் போதும், மேலிருந்து கீழாக வரிசை பிசகாமல் பாடும். நான் கண்ணைத் திறக்காமலேயே எழுந்துபோய் அமுக்கிவிட்டுப் பல் விளக்கப் போய்விடுவேன். ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் இதற்குமேல் என்ன வேண்டும்?

போன வாரம் ஒரு காலை, அதேபோல் கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிறேன், பாட்டு வரவில்லை. கண்ணைத் திறந்தால் பட்டனைக் காணோம். என் வரிசையைக் காணோம். புதுப் பதிப்பாம், தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டதாம். வரிசை இருந்த இடத்தில் கட்டம் கட்டமாகப் படங்கள், எலெக்‌ஷன் நேரத்துச் சுவர் மாதிரி. கண்ணையன் என்ற பெயருக்கு மேல் தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் கிடாரோடு நிற்கிறான். தனக்கொடிக்கு ஒரு குதிரை. தங்கள் மாமியாருக்குப் படமே இல்லை, கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. "ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் மூஞ்சி குடுத்திருக்காரு உங்க மாப்புள்ள, எனக்கு மட்டும் இல்லியா?" என்று அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அழவே ஆரம்பித்துவிட்டாள். பட்டனைத் தேடினேன். பச்சை நிறம் போய்ச் சாம்பல் நிறத்தில், மூலையிலிருந்து இறங்கி அடியில் போய், கடுகளவுக்கு இளைத்துக் கிடந்தது. அமுக்கினேன். அது தன் இஷ்டத்துக்குப் பாடியது. முதலிலேயே அம்மன் பாட்டு வந்ததால் பெண்கள் எல்லாரும் குடத்தோடு ஓடிப்போய், காற்றுகூட வராத குழாயடியில் வரிசை பிடித்துச் சண்டையும் போட்டு முடித்துவிட்டார்கள். தண்ணீர் வந்தபோது அங்கே ஆள் இல்லை. கண்ணையன் பாட்டு வரவே இல்லை, அவர் தூங்கிக்கொண்டே இருந்தார். முருகன் பாட்டு திரும்பத் திரும்ப வந்ததில், தனக்கொடி பானையை ஏற்றி இறக்கி ஏற்றி, கடைசியில் அன்றைக்குத் தெரு முழுக்க இட்லிதான், வாங்கத்தான் ஆள் இல்லை.

சரி, ஒரு நாள் கோளாறு என்று விட்டேன். பதினாலாம் தேதி காலை அது அம்மாவாசையைப் பாட வைத்தது. கோயில் ஸ்பீக்கரில் தத்துவப் பாட்டுப் போனால் தெரு என்ன நினைக்கும்? எதிர் வீட்டில் முசியே இராமதாஸ் இருக்கிறாரே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா, அவருக்குச் சில நாளாகக் காய்ச்சல். அவர்தான் போய்விட்டார் என்று தெருவே முடிவு கட்டி மாலையோடு அவர் வாசலுக்குப் போய்விட்டது. அம்மாவாசை மூங்கிலோடு வந்துவிட்டார். கதவைத் தட்டினால் முசியே கோட்டும் மெடலுமாக வெளியே வருகிறார், அன்று பிரெஞ்சு தேசிய தின ஊர்வலம், அதற்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். மாலையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தினி வருசத்துல இந்தத் தெருவுல ஒருத்தன் எனக்கு வணக்கம் வச்சதில்ல, இன்னிக்கு மாலயே போடுறீங்களே! மெர்சி, மெர்சி!" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி ஒவ்வொருவரையும் கட்டிப் பிடிக்கிறார். உண்மையைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. போட்டுவிட்டார்கள். சாவு மாலையைப் போட்டுக்கொண்டே கடற்கரை வரை ஊர்வலத்தில் நடந்துவிட்டு வந்தார். மூங்கில் எதற்கு என்று மட்டும் கேட்டார், கொடி கட்ட என்று சொல்லிவிட்டோம்.

இதையும் நான் பொறுத்துக்கொண்டேன் மாப்பிள்ளை. பொறுக்க முடியாதது அன்று சாயங்காலம் நடந்தது. கண்ணையனின் சம்சாரம் வேம்பு, தன் வீட்டுக்காரருக்கு வந்த வெள்ளைக்காரப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். திரையில் கண்ணையன்மேல் மவுஸ் அம்பை வைத்ததும் ஓரத்தில் ஒரு பெட்டி திறந்து இங்கிலீஷில் ஏதோ வந்தது. இன்னாம்மா போட்டிருக்கு என்று வேம்பு கேட்க, சரிதா படித்துச் சொன்னாள்: "கண்ணையனை விரும்புகிறவர்கள் தனக்கொடியையும் விரும்புகிறார்கள்." வேம்புவுக்கு முகம் செத்துவிட்டது. "கம்ப்யூட்டர் வரிக்கும் போயிடுச்சா சேதி?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள், கண்ணையனைத் தெருவில் நிறுத்திவிட்டாள். "நான் இட்லிதாண்டி வாங்கினேன்" என்று அவர் கதறுகிறார். "தெனமும் எதுக்குய்யா இட்லி? நான் தோச சுட மாட்டனா?" என்று அவள் கேட்கிறாள். சமாதானம் செய்யப்போன நான், அது தனியாக யாரையும் சொல்லவில்லை, எல்லாரையும் அப்படித்தான் சேர்த்துச் சொல்லும் என்று காட்டுவதற்காகத் தனக்கொடிமேல் அம்பை வைத்தேன். "தனக்கொடியை விரும்புகிறவர்கள் அம்மாவாசையையும் விரும்புகிறார்கள்" என்று வந்தது. அம்மாவாசை மட்டும் அன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு இட்லி சாப்பிடப் போனார். மற்றபடி தெருவில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. கண்ணையன் பால் ஊற்றப் போனால் வேம்பு சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்து கூடவே போகிறாள், கேனை மடியில் வைத்துக்கொண்டு.

தங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் புகார் எழுத இடம் இருப்பதாகச் சரிதா சொன்னாள். திறந்தால் உலகமே அங்கே உட்கார்ந்து அழுகிறது! பிரெஞ்சில் இருந்ததை முசியே படித்துச் சொன்னார். பிரான்சில் ஒரு அம்மாள், தன் பழைய பட்டனைக் காணாமல் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறாள். ஜெர்மனியில் ஒருவர் பழைய பதிப்புக்குப் பூக்கொத்துப் படம் போட்டு அஞ்சலி செலுத்தியிருக்கிறார். அமெரிக்காவில் ஒருவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொல்லையில் போட்டுவிட்டாராம், அதைக் கொல்லையிலிருந்தே எழுதியிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது, முதலியார்பேட்டை மட்டும் இல்லை என்று. நானும் சரிதாவை உட்கார வைத்து, தெருவில் நடந்த அத்தனையையும் ஒன்றுவிடாமல் சொல்லி எழுத வைத்தேன். மறுநாளே பதில் வந்தது. "மதிப்பிற்குரிய பயனாளரே, தங்கள் கருத்துக்கு நன்றி. இந்த மாற்றம் முழுவதும் தங்கள் வசதிக்காகவே செய்யப்பட்டது. இப்படிக்கு, தமிழ்மாறன், வடிவமைப்புப் பிரிவு." மாப்பிள்ளை, நான் கேட்கிறேன், நான் உங்களுக்கு மாமனாரா, பயனாளரா? கால் அலம்பத் தண்ணீர் கொடுத்து வாழையிலையில் விருந்து போட்டவனை, கோழி போதாது என்று திரும்பவும் அடித்துக் குழம்பு வைத்தவனைப் பார்த்துப் பயனாளரே என்றால் மனசு என்ன பாடுபடும்?

அந்தப் பதிலைப் படித்த பிறகுதான், பட்டனை இடம் மாற்றியது தாங்களே என்று எங்கள் வீட்டில் தெரிந்தது. அதிலிருந்து தங்கள் மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை. "நல்லா இருந்தத இன்னாத்துக்குங்க மாத்துனாரு? ஒடஞ்சி போச்சா? யாராவது கொற சொன்னாங்களா? ஒண்ணும் இல்லியே, சும்மா இருந்த பட்டன இழுத்துப் போட்டிருக்காரு. இப்பிடிப்பட்டவருகிட்ட நம்ம பொண்ணக் குடுத்தா, நாளைக்கி இவளயும் இங்க நில்லு அங்க நில்லு, இப்பிடி இருக்காத அப்பிடி இருன்னு மாத்திகினே இருப்பாரே! நம்ம பொண்ணு நமக்குத் தெரிஞ்ச பொண்ணாவே இருக்க வேணாமா?" என்கிறாள். நான் முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், அவள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. இருப்பது ஒரே பெண். அவள் சிரிப்பும் பிடிவாதமும் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அதையெல்லாம் ஒருவர் வசதிக்காக மாற்றி வைத்துவிட்டு, இனி இங்கே தேடுங்கள் என்று சொன்னால் நான் எங்கே போய்த் தேடுவேன்?

ஆகவே வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். ஆடி முடிவதற்குள் பழைய பதிப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும், பச்சைப் பட்டனோடு. அதோடு, சரிதாவை இருக்கிறபடியே வைத்துக்கொள்வேன் என்று தங்கள் கைப்பட ஒரு வரி வேண்டும். இரண்டும் வராவிட்டால் ஆவணி முகூர்த்தத்தைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மண்டபத்துக்காரரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

தங்கள் தாயாருக்கும் தந்தையாருக்கும் எங்கள் வணக்கங்கள். தாங்கள் நோய்நொடி இல்லாமல், பதவி உயர்ந்து, மாரியம்மன் அருளால் வேறு பிரிவுக்கு மாற்றலாகி நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

தங்கள் பயனாளர்,
கலியமூர்த்தி

பி.கு.: உறைமேல் பெங்களூர் விலாசத்தை இங்கிலீஷில் எழுதச் சொல்லி இதைச் சரிதாவிடம் கொடுத்தேன். விலாசத்தை எழுதுவதை விட்டுக் கடிதம் முழுவதையும் நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு, "அந்தப் பட்டன அங்க வக்கச் சொன்னதே நாந்தாம்ப்பா" என்றாள், உப்புப் போதவில்லை என்று சொல்கிற மாதிரி. பச்சை கண்ணைக் குத்துகிறது, சாம்பல் போடு என்றாளாம். வரிசை வேண்டாம், படம் போடு என்றாளாம். யாரைப் பிடித்தவர்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று ஓரத்தில் காட்டச் சொன்னதும் அவள்தானாம். தாங்கள் முடியாது என்றீர்களாம், மூன்று நாள் அவள் போனை எடுக்கவில்லையாம், பிறகு செய்துவிட்டீர்களாம். நிச்சயமானதிலிருந்து அவள் மொட்டைமாடியில் நின்று தங்களோடு போனில் பேசியதை ஆசைப் பேச்சு என்று நினைத்து, நானும் அவள் அம்மாவும் துணி காயப் போடக்கூட மேலே ஏறாமல் இருந்தோம். தையல்நாயகியிடம் சொன்னேன். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "பாவங்க அந்தப் புள்ள" என்றாள். வேறு தாளில் எழுத நேரமில்லை, தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். பழைய பதிப்பும் வேண்டாம், கைப்பட ஒரு வரியும் வேண்டாம். தங்களை இருக்கிறபடியே விடுவாள் என்று நாங்கள் கைப்பட எழுதித் தருகிறோம். முகூர்த்தம் ஆவணியிலேயே. தாங்கள் மட்டும் மனசு மாறாமல் எப்படியாவது வந்துவிடுங்கள்.