ஆறு மணி நாலு நிமிடத்துச் சூரியன்

இனிமேல் சூரியன் எனக்குப் பிறகுதான் எழ வேண்டும் என்று ஒரு புதன்கிழமை மாலை தீர்மானம் செய்தேன். சூரியனைக் கலந்துகொள்ளவில்லை. மனைவியிடம் மட்டும் தெரிவித்தேன். அவள் உறைக்குள் தலையணையைத் திணித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

விஷயம் இதுதான். எங்களுடையது இரண்டரை அறை வீடு. அந்த அரை அறையில் ஓர் இஸ்திரிப் பலகை, கைப்பிடி போன இரண்டு பெட்டிகள், ஓடாத ஒரு டேபிள் ஃபேன் ஆகியோர் வசித்து வந்தார்கள். அவர்களை வெளியேற்றி, அதை நான் படம் திருத்தும் அறையாக்க விரும்பினேன். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, பெரிய மானிட்டர், சுழல் நாற்காலி, அதில் நான்.

மனைவிக்கும் அந்த அறை மேல் ஒரு கண். எதற்குக் கேட்டாள் தெரியுமா? சும்மா உட்கார. காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுக்க மனிதர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருகிறாளாம். வீட்டிலும் ஒருவர் பேசுகிறாராம். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேச்சில்லாத இடத்தில் இருக்க வேண்டுமாம். சும்மா இருப்பதற்கு ஓர் அறையா என்று கேட்டேன். சும்மா இருப்பதைப் பற்றி அறிஞர்கள் எழுதியதை எல்லாம் இருபது நிமிடம் எடுத்துரைத்தேன். அவள் முடிவு உறுதியானது அந்த இருபது நிமிடத்தில்தான் என்று இப்போது தோன்றுகிறது.

"வாரக் கடைசியில உங்க போட்டோ குழு ஏரிக்குப் போகுதில்ல, நானும் வரேன்," என்றாள். "ரெண்டு நாளும் விடியறதுக்கு முன்னாடி எழுந்திருங்க. சூரியன் உதிக்கிறதை ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. ரூம் உங்களுக்கு."

"எடுக்கலைன்னா?"

"எனக்கு. கதவோட."

"நான் எழுந்திருக்க மாட்டேன்னு நினைக்கிறியா?"

"இதுல நினைக்க என்ன இருக்கு? பத்தொன்பது வருஷமா பாக்கிறேன்."

அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். பிறர் பிழையை நான் கண்டுபிடிக்கிறேன். அதற்குச் சம்பளம் உண்டு. என் பிழையை அவள் கண்டுபிடிக்கிறாள். அதை ஒரு சேவையாகவே செய்து வருகிறாள்.

குழுவில் பன்னிரண்டு பேர். தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் வெளிச்சம். அந்தச் சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் வெளிச்சம் போதவில்லை என்பார். ஏரிக்கரை விடுதியில் ஆண்களுக்கு ஒரு பெரிய அறை, பெண்களுக்கு ஒன்று. வெள்ளி இரவு படுக்கப் போகும்போது என்னிடம் எந்தச் சூழ்ச்சியும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நாலே முக்காலுக்கு அலாரம் வைத்தேன். அடித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பல் டாக்டர் எழுந்தார். என் தோளையும் அசைத்தார். கூட்டத்தோடு நின்றால் எனக்குப் படம் அமையாது, தனியாக எதிர்க்கரைக்குப் போகப்போகிறேன், நீங்கள் முன்னால் நடங்கள் என்று கண்ணைத் திறக்காமலே சொன்னேன். தூக்கத்தில் நான் பேசிய மிக நீளமான வாக்கியம். ஓர் எழுத்துப்பிழை கிடையாது.

விழித்தபோது மணி எட்டு. ஜன்னல் வழியாக வெயில் என் உள்ளங்காலைச் சுட்டுக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முகமும் உம்மென்று இருந்தது. யாரும் படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒன்றும் சரியாக விழவில்லை போலும், பாவம் என்று இரக்கப்பட்டேன். மனைவி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"எழுந்தீங்களா?"

"எழாம?"

"எப்படி இருந்துச்சு?"

படம் எங்கே என்று கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். எப்படி இருந்தது என்று கேட்டால், நாலு புத்தகம் படித்தவன் என்ன செய்வான்? கீழ்வானம் மாதுளை முத்தாகச் சிவந்ததைச் சொன்னேன். அது உருகித் தண்ணீரில் ஒழுகியதைச் சொன்னேன்.

"பறவை ஏதாவது?"

"கொக்கு. ஏழு."

எண்ணிக்கை சேர்த்தால் பொய்க்கு முதுகெலும்பு வந்துவிடுகிறது.

"ஏழா," என்றாள், வெண்ணெயிலிருந்து கண்ணெடுக்காமல். "டாக்டர், இதைக் கொஞ்சம் வந்து கேளுங்களேன்."

பல் டாக்டர் நாற்காலியோடு நகர்ந்து வந்தார். பிறகு வெளிச்சம் வந்தார். பிறகு எல்லாரும். முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். இரண்டாம் பதிப்பில் கொக்குகள் ஒரே வரிசையில் பறந்தன. அப்படி ஒரு சபை எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. ஒருவரும் குறுக்கிடவில்லை. ஒரு கட்டத்தில் வெளிச்சம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எவ்வளவு இளகிய மனம் என்று நினைத்தேன்.

கதை கேட்டவர்களுக்குப் படம் காட்ட வேண்டுமே. அன்று மாலை மற்றவர்கள் படகில் போனபோது தலைவலி என்று தங்கிவிட்டு, தனியாகக் கிழக்குக் கரைக்குப் போய் மேற்கே பார்த்து நின்றேன். யோசித்துப் பாருங்கள். அஸ்தமனம் என்பது என்ன? பின்னோக்கி ஓடும் உதயம். அதே சூரியன், அதே அடிவானம். நிற்கிற படத்தில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாரால் சொல்ல முடியும்? இடம் அடையாளம் தெரியாதபடி ஒரு மரத்தையும் தண்ணீரையும் மட்டும் சட்டகத்துக்குள் விட்டு எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்திருக்க மனமார முயன்றேன் என்று எழுதினால், அது அந்த ஏழு கொக்கோடு எட்டாவதாகப் போய்ச் சேரும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் மடிக்கணினியைத் திறந்தோம். ஞாயிறு காலை எடுத்ததில் ஆளுக்கு ஒன்றைத் திருத்தி, மூன்று மணிக்குச் சுவரில் காட்ட வேண்டும். ஐந்துக்குப் பஸ். நான் வேலையில் இறங்கினேன். மாலைச் சிவப்பு தூசி படிந்து தடிப்பாக இருக்கும். விடியல் கழுவித் துடைத்தது போல இருக்கும். ஆகவே சிவப்பைக் குறைத்து, நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய ஒருவர் ஓரத்தில் இருந்தார். அவரை உலகத்திலிருந்தே அழித்தேன். படத்தோடு பதிவாகியிருந்த நேரத்தைத் திருத்தினேன். ஞாயிறு, காலை 6.04. உதய நேரத்தைப் பார்த்து, சூரியன் அந்த உயரம் வர ஆகும் நிமிடங்களைக் கூட்டிப் போட்ட நேரம். கடைசியாகத் தண்ணீர் மேல் ஒரு சிட்டிகை பனி தூவினேன். நம்பும்படி இருக்க வேண்டும் அல்லவா.

மனைவி வந்து பென்டிரைவை நீட்டினாள். படங்களைச் சுவரில் காட்டும் பொறுப்பு தனக்காம். பதிந்து கொடுத்தேன்.

ஜன்னல்களைச் சாத்தினார்கள். முதலில் பல் டாக்டருடையது. சுவர் வெள்ளையாக இருந்தது. படம் வரட்டும் என்று காத்திருந்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். உற்றுப் பார்த்தேன். வெள்ளைக்குள் ஒரு வேலிக்கம்பம்.

"காலை ஆறு மணி," என்றார் டாக்டர். "மூடுபனி. நேத்து மாதிரியேதான்."

இரண்டாவது படம், வெள்ளைக்குள் ஒரு படகின் மூக்கு. மூன்றாவது, வெள்ளைக்குள் வெள்ளை. அதற்குக் கைதட்டல் அதிகம். இரண்டு நாளும் ஏழரை மணி வரை நீட்டிய கை கண்ணுக்குத் தெரியவில்லை, சூரியன் இருந்த திசையே தெரியவில்லை என்று தலைவர் விளக்கினார். வெளிச்சமே சொல்லிவிட்டார், வெளிச்சம் இல்லை என்று.

ஐந்தாவது படத்தில் ஓர் உருவம் இருந்தது. சால்வையைத் தலையோடு போர்த்தி, ஒரு கையில் டீ டம்ளர், ஒரு கை இடுப்பில். முகம் தெரியவில்லை. தெரியத் தேவையும் இல்லை. அந்த இடுப்புக் கைக்கு முன்னால் நின்று பத்தொன்பது வருடமாக விளக்கம் சொல்லி வருபவன் நான்.

இருட்டில் நாற்காலிகளைத் தடவிக்கொண்டு போய், அவள் பக்கத்தில் குந்தினேன்.

"ரெண்டு நாளும் போனியா?"

"முழிப்பு வந்துச்சு. போனேன்."

"நான் கதை சொன்னப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நல்லா போயிட்டிருந்துச்சு. எதுக்குக் கெடுக்கணும்?"

சுவரில் ஒன்பதாவது வெள்ளை வந்தது.

"கடைசிப் படம் உங்களோடது," என்றாள். விரல் பொத்தான் மேல் இருந்தது. "போடவா?"

"வேண்டாம்."

"ரூம்?"

"உனக்கு."

"இஸ்திரிப் பலகை, பெட்டி, ஃபேன்?"

"நானே எடுத்துடறேன்."

அவள் எழுந்து நின்று, அவர் படம் இன்னும் முடியவில்லை, திருத்திக்கொண்டே இருக்கிறார் என்று சபைக்கு அறிவித்தாள். ஜன்னல்கள் திறந்தன. மானம் பிழைத்தது. மானத்துக்கு முன்னால் அரை அறை எம்மாத்திரம்?

பஸ்ஸில் பல் டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று மணியிலிருந்து எல்லாரும் அந்தக் கடைசிப் படத்துக்காகத்தான் காத்திருந்தார்களாம். காட்டாமல் விட்டது எல்லாருக்கும் பெரிய ஏமாற்றமாம்.

"ரெண்டு நாளும் உங்க குறட்டையைத் தாண்டித்தான் சார் வெளியே போனோம்," என்றார் அன்பாக. "ஆனா சூரியனைப் பாத்த ஒரே ஆள் நீங்கதானே."

திறந்த வாயோடு பதில் சொல்ல முடியாமல் இருக்கும் மனிதர்களைத் தினமும் பார்க்கிறவர் அவர். அன்று விடுமுறையிலும் ஒருவரைப் பார்த்தார்.

இப்போது அரை அறையில் ஒரு நாற்காலி மட்டும் இருக்கிறது. நான் சாப்பாட்டு மேசையில் படம் திருத்துகிறேன். தட்டு வரும்போது மட்டும் எழுந்து இடம் விட வேண்டும். குறையொன்றும் இல்லை. மாலையில் அரை மணி கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வரும்போது அவள் முகம் தெளிந்திருக்கிறது. நான் படித்ததைச் சொன்னால்கூடக் கேட்கிறாள். பத்து நிமிடம் வரை.

போன ஞாயிற்றுக்கிழமை என்னை உள்ளே கூப்பிட்டாள். சுவரில் என் படம். பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். மரம், தண்ணீர், ஒரு சிட்டிகை பனி. கிட்டே போய்ச் சட்டத்தைத் தடவிப் பார்த்தேன். ஆனாலும் தொழில் புத்தி போகுமா? கிழக்குச் சுவர் காலியாக இருக்கும்போது உதயத்தைக் கொண்டுபோய் மேற்குச் சுவரில் மாட்டியிருக்கிறாயே, இது பிழை இல்லையா என்று கேட்டேன்.

"அது எந்தப் பக்கம் இறங்குச்சோ, அந்தப் பக்கம்தான் மாட்டியிருக்கேன்," என்றாள்.